பெரியப்பாவின் முப்பதாயிரம்

பாஸ்புக்கில் புதிதாக அச்சான வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார் பெரியப்பா. “வரிப் பணம் இன்னும் வரவில்லையே, தம்பி.”

லாரி நிறுத்தக் கொடுத்த காலி மனை. மாதம் 25,000 ரூபாய் வாடகை. 2024-25இல் வாடகைக்காரர் 10 சதவீதம் டிடிஎஸ் (வாடகை தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்ததில் போனது 30,000. பெரியப்பாவுக்கு வேறு வருமானமே இல்லை. கட்ட வேண்டிய வரி சுழியம். அத்தனையும் திரும்பி வர வேண்டிய பணம்!

வீட்டு வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவு வெறும் மனைக்குக் கிடையாது. அது ‘இதர வருமானம்’. இதைப் பலருக்கு யாரும் சொல்வதே இல்லை.

தாமதத்துக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 244ஏ பிரிவின்படி மாதம் அரை சதவீதம் வட்டி உண்டுதான். ஆனால் மோட்டார் பழுதாகி நிற்கும் கிணற்றுக்கு அந்த 150 ரூபாய் எந்த மூலைக்கு? எனக்கு வயிறு எரிகிறது.

வருமான வரித் துறையின் தளத்தில் பார்த்தேன். வங்கி இணைப்பில் ஐஎஃப்எஸ்சி எண் (வங்கிக் கிளையின் அடையாளக் குறியீடு) மாறியிருக்கிறது. கணக்குச் சரிபார்ப்பு அதனால் நிற்கிறது. புதிய எண்ணைப் பதிந்து, ரீஃபண்டை மறுபடி அனுப்பக் கோரிக்கை கொடுத்தாயிற்று.

அறுபது கடந்த, வரி கட்ட வேண்டியிராத பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஆண்டுத் தொடக்கத்திலேயே ‘வரி பிடிக்க வேண்டாம்’ என்னும் உறுதிமொழிப் படிவத்தை (2025-26 வரை அது 15எச்) வாடகைக்காரரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பிடித்தமே இராது.