ஓர்த்தோவுக்குச் சேர்த்த கோப்போடு கடைசி நேரத்தில் ஜெனரல் சேர்ஜரிக்கு மாறுவது

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வேலை செய்துகொண்டு அமெரிக்க றெசிடென்சிக்கு (விசேட துறைப் பயிற்சிக்கு) ஆயத்தப்படுத்துகிற ஒரு வைத்தியர் ஓர்த்தோவை (எலும்பு, மூட்டு சேர்ஜரியை) விரும்புவதில் வியப்பில்லை. கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிற மண் இது. ஆனால் வெளிநாட்டில் படித்த, அமெரிக்கப் பிரஜையல்லாத வைத்தியர்களில் ஓர்த்தோ இடம் பெறுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு சிலர்தான். இது உறைக்கும்போது பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட் ஆகிவிடும். செப்டெம்பர் தொடக்கத்தில் ஈராஸில் (ERAS, றெசிடென்சிக்கான இணைய விண்ணப்பத் தளம்) விண்ணப்பம் அனுப்பலாம். மாதக் கடைசியில் பயிற்சி தரும் வைத்தியசாலைகளின் புரோகிராம்கள் அதைப் பார்க்கத் தொடங்கும். அதற்குள் ஜெனரல் சேர்ஜரிக்கு மாற முடியும். யூரோலொஜி, கண் பக்கம் அந்த நேரத்தில் போகவேண்டாம்: அவற்றின் மட்ச் (விண்ணப்பதாரரையும் புரோகிராமையும் இணைக்கும் முறை) தனி, பதிவும் தனி, முடிவும் முந்தியே வந்துவிடும்.

முதலில் கை வைக்கவேண்டியது பரிந்துரைக் கடிதங்களில். மற்றதெல்லாம் இரவிரவாக இருந்தாவது நீங்களே எழுதி முடிக்கலாம்; கடிதம் இன்னொருவர் நேரம் ஒதுக்கினால்தான் வரும். ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை இணைக்கலாம். அதில் குறைந்தது மூன்று ஜெனரல் சேர்ஜன்மாரிடமிருந்து வரப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து சேர்மார் வழக்கமாகத் தருவது சேவைக் கடிதம்: இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை என்னிடம் வேலை செய்தார், நன்னடத்தை உள்ளவர், கீழே றப்பர் முத்திரை. அதை வைத்து அங்கே ஒருவரும் நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே கேட்கும்போதே ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். அவருடைய தியேட்டரில் எவற்றுக்கு உதவினீர்கள், அவர் பக்கத்தில் நிற்க நீங்களே எதைச் செய்தீர்கள், எந்த நோயாளியில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மாடு குத்திக் குடல் வெளியே வந்தவர், நாகம் தீண்டி அழுகிய தசையை வெட்டித் துப்புரவாக்கிப் பிறகு தோல் ஒட்டியவர், சலரோகப் புண்ணோடு பிந்தி வந்தவர்: பெயர் வேண்டாம், ஆளை சேருக்கு ஞாபகம் வந்தால் போதும், கடிதம் தன்பாட்டில் உயிர் பெறும். மாங்குளம், மல்லாவி போன்ற ஆதார வைத்தியசாலைகளில் நின்றவர்களிடம் இந்தச் சரக்கு நிறைய இருக்கும்.

கடிதத்தை மூடிய உறையில் உங்கள் கையில் தந்தாலும் நீங்கள் ஏற்ற முடியாது. ஈராஸில் அவர் பெயரைப் பதிந்தால் ஓர் எண்ணோடு கோரிக்கைப் படிவம் வரும். அந்த எண்ணை வைத்து அவரேதான் தளத்துக்குள் போய் ஏற்றவேண்டும். ஒன்கோலும் கிளினிக்குமாக ஓடுகிற சேரிடம் படிவத்தை மின்னஞ்சலில் மட்டும் விட்டுவிட்டு இருக்காதீர்கள். அச்செடுத்தும் கொடுங்கள், ஒரு கிழமை கழித்து மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

பழைய ஓர்த்தோ கடிதம் வீணல்ல. ஆனால் அதில் “சிறந்த ஓர்த்தோ சேர்ஜனாக வருவார்” என்று ஒரு வரி இருந்தால் ஜெனரல் சேர்ஜரிக்காரர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் முறை என்பதால், உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. நேரே போய், “சேர், நான் துறை மாறுகிறேன்” என்று சொல்லி, புதிய பதிவின் கீழ் திருத்திய கடிதம் கேளுங்கள். பெரும்பாலான சேர்மார் கோபிக்க மாட்டார்கள். மறைத்தால்தான் மனம் நோகும்.

ஈராஸில் விண்ணப்பப் படிவம் ஒன்றுதான், அங்கே போடும் எல்லாத் துறைக்கும் அதுவே போகும். பத்து அனுபவங்கள் வரை இடலாம், அவற்றில் மூன்றை முக்கியமானவையாகக் காட்டலாம். அந்த மூன்றும் ஓர்த்தோவாக இருக்கக் கூடாது. ஓர்த்தோ ஆய்வை அழிக்கவும் வேண்டாம். காயத் தொற்றைப் பின்தொடர்ந்தது, தரவு சேர்த்தது எந்தச் சேர்ஜரிக்கும் பொருந்தும், விவரிப்பை அந்தப் பக்கம் திருப்பினால் சரி. அனுப்பிய பிறகு இந்தப் பகுதியில் கை வைக்க முடியாது. ஏன் இந்தத் துறை என்று நீங்கள் எழுதும் தனிக் கட்டுரை அப்படியல்ல, பல எழுதிப் புரோகிராமுக்கு ஏற்ப இணைக்கலாம். பிழை நடப்பதும் இங்கேதான்: பழைய ஓர்த்தோ கட்டுரை புதிய புரோகிராமுக்குப் போய்விடும். கோப்பின் தலைப்பிலேயே துறையை எழுதி, அனுப்பமுன் ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பாருங்கள். சிக்னல்களும் (ஒரு புரோகிராமில் உங்களுக்குத் தனி விருப்பம் என்று காட்டும் குறிகள்) துறைவாரியானவை; அனுப்பிய பின் இடம் மாற்ற முடியாது.

ஏன் மாறினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ஓர்த்தோ கடினம் என்பதை மட்டும் பதிலாக வைக்காதீர்கள். ஒரே சேர்ஜன் வயிறு, மார்பு, எரிகாயம் எல்லாவற்றையும் முதலில் தொடவேண்டிய இடத்தில் வேலை செய்திருக்கிறீர்கள். அந்த வேலை பிடித்திருந்தால் அதையே சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஐந்து வருடப் பயிற்சிக்குள் போகவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இணையவழி நேர்முகத்தில் நேர வித்தியாசம் காலை வாரிவிடும். நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் ஒக்டோபரில் எங்களுக்கு மாலை 6.30; நவம்பர் முதல் ஞாயிறு அங்கே மணியை மாற்றியதும் 7.30. மணி மாற்றிய பிறகு கலிபோர்னியாவில் காலை 8 மணி என்றால் எங்களுக்கு இரவு 9.30. ஒன்கோல் றோஸ்டரை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

பிந்தி மாறுகிறவர்கள் முழுப் பயிற்சிக்கான ஐந்து வருட கட்டகோரிக்கல் இடங்களோடு ஒரு வருட பிறிலிமினரி இடங்களுக்கும் போடுவது நல்லது. அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு இடம் உறுதியில்லை. அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் அந்த இடங்களை மட்சுக்குக் கொடுக்கும் உங்கள் தரவரிசைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பட்டியலை உங்கள் உண்மையான விருப்ப ஒழுங்கிலேயே போடுங்கள், எது கிடைக்கும் என்று ஊகித்து மேலே தூக்கி வைக்காதீர்கள்.