வாடகை அதிகம் பாட்டி

சனிக்கிழமை இரவு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் ‘டேல்ஸ் ஆஃப் தி சிட்டி’ பார்த்துக்கொண்டிருந்தேன். 2019-இல் நெட்பிளிக்ஸில் வந்தது, 10 பகுதிகள். பாதியில் புளூடூத் செத்து, சத்தம் முழுக்க வீட்டுக்குள் கொட்டியது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு வீட்டுச் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். பாட்டிக்குக் கேட்காமல் இருக்குமா? கோப்பியும் மரி பிஸ்கட்டுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன நாடகம்டா?”

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய வீடு. அதன் சொந்தக்காரி அன்னா மேட்ரிகல் என்ற அம்மாள், 90 வயது. அவர் ஒரு திருநங்கை. குடியிருப்பவர்கள் எல்லாரும் அவருக்குப் பிள்ளைகள் மாதிரி. நான் இதில் முதல் இரண்டு வரியை மட்டும் சொன்னேன்.

பாட்டிக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளர் நான்தான். மைக்கேலும் அவரைவிட மிக இளையவரான பென்னும் திரையில் வந்தார்கள்.

“யாருடா இது, மகனா?”

“கூட்டாளி பாட்டி.”

“கூட்டாளின்னா ஏன் ஒரே கட்டில்?”

“அந்த ஊர்ல வாடகை அதிகம் பாட்டி.”

பாட்டி தலையாட்டினார். “ஆமா, இங்க மட்டும் என்ன, ரூமுக்கே 800 வெள்ளி கேக்குறான்.”

தப்பித்தேன். அப்புறம் மார்கோ என்ற பெண் வந்தாள், அவளுடைய காதலன் ஜேக் வந்தான். ஜேக் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவன். அவன் பழைய கதையைப் பேசும்போதெல்லாம் வாடகைதான் எனக்குக் கை கொடுத்தது. ஒரு கட்டத்தில் அந்த ஊரில் வாடகையைத் தவிர வேறு பிரச்சினையே கிடையாது என்ற அளவுக்குப் போய்விட்டது.

பாட்டியை உலுக்கியது வேறொன்று. ஷாவ்னா என்ற பெண்ணுக்குத் தான் தத்துப்பிள்ளை என்பதே தெரியாது.

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! எங்க தோட்டத்து லயத்துல சீனப் பிள்ளைங்கள எடுத்து வளர்த்தாங்களே, யார் மறைச்சா? அதுங்களும் நம்மளவிட நல்லாத் தமிழ் பேசும்.”

பேச்சை மாற்ற, அன்னாவாக நடித்த ஒலிம்பியா டுகாகிஸ் 1993-இல் வந்த முதல் தொடரிலும் இதே வேடத்தில் நடித்தவர் என்றேன். பாட்டி கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

“26 வருஷம் கழிச்சும் அதே ஆளா! நம்ம சீரியல்ல ஆறு மாசத்துல ‘இனி இவருக்குப் பதில் இவர்’னு போட்டுடுவான்.”

விடிய ஒரு மணிக்குத்தான் படுத்தோம். காலையில் வாசலில் பேச்சுக் குரல். எதிர்வீட்டு அக்காவுக்குப் பாட்டி கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்த வீட்டுக்கார அம்மா ஆம்பளையா பொறந்தவங்கம்மா. பெத்தவங்க வேணாம்னு விட்ட பிள்ளைங்களுக்கெல்லாம் அவங்கதான் தாய். அந்த ரெண்டு பையனும் ஜோடி. வயசுதான் கொஞ்சம் இடிக்குது.”

நான் பல் துலக்கும் பிரஷ்ஷோடு கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

“பேரன் விளக்கிச் சொன்னானா பாட்டி?”

“அவன் எங்க? அவனுக்கு ஒரு எழவும் புரியல. ராத்திரி பூரா வாடகை வாடகைன்னே பொலம்பினான். ஏம்மா, இவன் யார்கிட்டயாவது கடன் வாங்கியிருப்பானா?”