ஒன்பதைப் பதினெட்டால்

"பெரிய எண்ணைச் சின்ன எண்ணாலதானே சார் வகுக்கணும்?"

பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் வேதியியல் படித்த பெண், அவள் கேட்டது இவ்வளவுதான். 9 கிராம் தண்ணீரில் எத்தனை மோல் என்பது கணக்கு. மோல் என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுகிற ஓர் அளவு. தண்ணீரின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 18 கிராம், அதனால் விடை அரை மோல். அவள் நோட்டில் 2 என்று இருந்தது. இது எப்படி வந்தது என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில். குரலில் துளிச் சந்தேகம் இல்லை. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு என்கிற மாதிரி இருந்தது.

நான் சொன்னது: "கணக்கை விட்டுடும்மா. தியரியை நல்லா படி. பாஸ் ஆயிடலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அது 2018 டிசம்பர். நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துவிட்டுப் போயிருந்தது. பள்ளி திறந்தபோது ஆய்வகத்துக் கூரையில் பாதி இல்லை. பிள்ளைகள் பலர் புத்தகத்தை வெயிலில் காயவைத்து, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வருடம்தான் பதினொன்றுக்குப் புதுப் பாடப்புத்தகம். பழையதைவிடக் கனம். போதாததற்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. எழுத்துத்தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. அந்த 15-ஐக் கணக்குப் பக்கமே போகாமல் எடுத்துவிடலாம். அவளுக்கு நான் சொன்னது தவறான தகவல் இல்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அவள் படித்தது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவு. பியூர் சயின்ஸ் என்பார்கள். அதில் கணிதம் கிடையாது. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போடலாம் என்று அதைத் தேடி வருகிற பிள்ளைகள்தான் அதிகம். வந்து உட்கார்ந்ததும் முதல் பாடமே வேதிக் கணக்கீடு. மோல், சமான நிறை, எளிய விகித வாய்பாடு என்று ஒன்று விடாமல் வகுத்தல். அதைத் தாண்டினால் பத்தின் அடுக்குகள். 10-இன் அடுக்கு மைனஸ் 3 கீழே இருந்து மேலே வந்தால் ஏன் பிளஸ் 3 ஆகிறது என்று ஒருவன் கேட்டான், "அது அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டில் பிஎச், அதாவது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையைக் குறி மாற்றி எழுதுகிற அமில அளவு. கால்குலேட்டர் கூடாது, மடக்கை அட்டவணைதான். 0.002-க்கு மடக்கை எடுக்கச் சொன்னால், மூன்றுக்கு மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் .3010 எழுத வேண்டும். கோடு என்றால் மைனஸ், அது மூன்றுக்கு மட்டும்தான், .3010 நேர்க்குறிதான் என்று எத்தனை முறை சொன்னாலும், பாதிப் பேர் மொத்தத்துக்கும் மைனஸ் போட்டு மைனஸ் 3.3010 என்று எழுதி, பிஎச் 3.3 என்பார்கள். சரியான விடை 2.7-க்குப் பக்கம். வேதியியல் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, அமிலம் என்றால் என்ன என்று அழகாக எழுதுவார்கள். தடுக்கி விழுகிற இடம் வேறு. அந்த இடம் என் பாடத்தில் இருக்கிறதா, கணக்கு ஆசிரியர் பாடத்தில் இருக்கிறதா என்பது இன்றுவரை எங்கள் ஆசிரியர் அறையில் தீராத வழக்கு.

ஆனால் அவள் சொன்ன வாக்கியத்தை அந்த வழக்கில் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் அது கவனக்குறைவு இல்லை, ஒரு விதி. மூன்றாம் வகுப்பில் பன்னிரண்டு மாம்பழத்தை நாலு பேருக்குப் பிரித்ததிலிருந்து அவள் கண்ட வகுத்தல் கணக்கில் எல்லாம் பெரியது மேலே, சிறியது கீழே. எட்டு வருடம் அவளைக் கைவிடாத விதி. அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். ஒரு பிள்ளை தன் தப்பின் வேரை இப்படிப் பிடுங்கிக் கையில் கொடுப்பது அபூர்வம். நான் அதை வாங்கிப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உறுத்துவது அதுகூட இல்லை. அந்த ஜூலையில், சதவீத இயைபு நடத்தும்போது யூரியாவை எடுத்தேன். மோலார் நிறை 60, அதில் நைட்ரஜன் 28, சதவீதம் 46.67. மூட்டையில் 46 என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள் என்றேன். யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 ஆன வருடம் அது, சாகுபடி உள்ள வீடுகளில் அந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த நேரம். பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஏக்கருக்கு ஒரு மூட்டைன்னா ரெண்டு மாவுக்கு எவ்வளவு?" எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர், அது எல்லோருக்கும் தெரியும். அவள்தான் சொன்னாள்: "முப்பது கிலோ சார். முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி."

முப்பதை நாற்பத்தைந்தால் வகுத்துவிட்டாள். சிறியதைப் பெரியதால். பேனாவைத் தொடாமல்.

அப்படியானால் டிசம்பரில் அவள் முன்னால் நின்றபோது இது எனக்கு ஞாபகம் வந்ததா? வந்தும் விட்டேனா? நேர்மையாகச் சொன்னால் தெரியவில்லை. முக்கால் மூட்டை என்று சொன்னது அவள்தானா, பக்கத்தில் இருந்த பெண்ணா என்றுகூடச் சில நாள் தோன்றும். ஏழு வருடத்தில் என் குற்றத்தை எடுப்பாகக் காட்ட நானே இரண்டையும் ஒரே பிள்ளை தலையில் கட்டிவிட்டேனோ என்னவோ.

"மூட்டை 45, உன் கையில் 30. ஒரு மூட்டைக்கு மேலா, கீழா? அதே மாதிரி, ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், உன் கையில் 9. மேலா, கீழா?" இவ்வளவு கேட்டிருந்தால் போதும். ஒரு நிமிட வேலை. போதுமா என்பதும் சந்தேகம்தான். அடுத்த கணக்கில் நிறைக்குப் பதில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை வரும், 6.022 பெருக்கல் 10-இன் அடுக்கு 23 வரும், அங்கே மூட்டை உதவாது. நாற்பத்தோரு பேர் இருந்த வகுப்பு. மழைக்கும் புயலுக்கும் போனது போக மிச்சம் இருந்த நாட்கள் சொற்பம்.

அதற்குப் பிறகு நான் மாறினேன். இப்போது மோல் பாடத்தை வெற்றிலையில் ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கம் ஒரு கவுளி நூறு வெற்றிலை. ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு கவுளி வாழை இலையும் ஒரே எடையா என்று கேட்டால் சிரிப்பார்கள். மோலும் ஒரு கவுளிதான், எண்ணிக்கை மட்டும் பயங்கரப் பெரிது. முன்பு 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்து மோலை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அதை விட்டுவிட்டு, 6.02214076 பெருக்கல் 10-இன் அடுக்கு 23 என்று எண்ணிக்கையாகவே சொல்லிவிட்டார்கள், கவுளிக்கு நூறு என்கிற மாதிரி. அப்புறம் எந்த வகுத்தலுக்கும் முன்னால் "ஒண்ணுக்கு மேலா, கீழா" என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம். ஓரளவு வேலை செய்கிறது. நானும் உள்ளூர் உதாரணம்தான் மருந்து என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

2024-இல் அவளை மன்னார்குடியில் பார்த்தேன். பி.ஏ. முடித்து ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதாலதான் சார் பாஸ் பண்ணினேன். கணக்கைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாள்: "தம்பி அடுத்த வருஷம் உங்ககிட்டதான் சார் வர்றான். அவன்கிட்டயும் சொல்லிட்டேன், கணக்கை விட்டுடு, சார் சொல்லுவார்னு."

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்திருந்தாள்.

தம்பி 2025 ஜூனில் வந்தான். அதே பிரிவு. பதினொன்றுக்குப் பொதுத்தேர்வும் அந்த வருடம் முதல் இல்லை. அன்று நான் ஒளிந்துகொண்ட பெரிய காரணம் அதுதான், அதுவும் போய்விட்டது. முதல் சிறுதேர்வில் அவன் தாளைத் திருத்தும்போது வரையறைகள் எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. கணக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வினா எண். தப்பாகக்கூடப் போட்டிருக்கவில்லை. தப்பாகப் போட்டிருந்தால் அக்காவைப் போல ஒரு விதியாவது கையில் கிடைத்திருக்கும்.

கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அக்கா விடச் சொன்னுச்சு சார்."

அக்காவுக்கு யார் சொன்னது என்பதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, தாளைத் திருப்பிப் போட்டு, என் மருந்தை எடுத்தேன்.

"ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியான்னா ரெண்டு மாவுக்கு எவ்வளவுப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தெரியல சார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ரொம்ப வருஷமாச்சு. மான்னா எவ்வளவு சார்?"