வளையத்தில் நாலு படம்

இன்று காலை தர்மபுரி பஸ் ஸ்டாண்டு. பென்னாகரம் பஸ் ஏர்ஹாரன் அடித்ததும், ஏழெட்டு வயதுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வெச்சாத்தான் அடங்குவான்" என்றார் பக்கத்தில் ஒருவர். (இந்த யோசனை மட்டும் எங்கும் இலவசம்.)

அம்மா பதில் பேசவில்லை. பையனைத் தொடவும் இல்லை. சாவி வளையத்தில் கோத்த நாலு படங்களை அவன் கண்ணெதிரே பிடித்தார். பஸ், ஜன்னல் சீட், தாத்தா வீடு, களி.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குக் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது மனதில் நிற்கும். அதிலும் சத்தத்தில் மிரண்டிருக்கும்போது "என்னடா ஆச்சு, எந்திரிடா" என்று நாம் அடுக்குவதும் இன்னொரு ஹாரன்தான்.

இப்படி ஒரு வளையம் செய்யக் கார்ட்டூன் வேண்டாம். நம் வீட்டுத் தட்டையும் நாம் ஏறும் பஸ்ஸையுமே போட்டோ எடுத்து, உள்ளங்கை அளவில் லேமினேட் செய்து, ஓட்டை போட்டால் போதும். ரெண்டு படத்தில் தொடங்குங்கள்: முதல்ல இது, அப்புறம் அது. முடிந்ததைத் திருப்பிவிட வேண்டும். எடுத்தவுடன் பத்துப் படம் கோத்தால் குழப்பம்தான்.

பலரும் விட்டுவிடுவது "மாறிடுச்சு" படம்; நினைத்தது நடக்காது, வேறொன்று வரும் என்று காட்டும் படம். பஸ் வராத நாளுக்கு அதுதான் உதவும். ஆனால் பஸ் ஸ்டாண்டில் முதல்முறையாகக் காட்டினால் எடுபடாது. தோசைக்குப் பதில் இட்லி வைக்கும் நாளில், வீட்டிலேயே பழக்க வேண்டும்.

பத்து நிமிஷம் கழித்துப் பையன் எழுந்தான். பஸ்ஸில் ஏறியதும் முதல் படத்தை அவனே திருப்பினான்.