பெயரால் வந்த ஆபத்து

ஸ்லோவேனியாவின் சில சுண்ணாம்புக்கல் குகைகளில் மட்டுமே வாழும், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்களற்ற பழுப்பு வண்டு ஒன்றுக்கு, 1937இல் ஆஸ்கர் ஷைபெல் என்ற வண்டு சேகரிப்பாளர் ஹிட்லரின் பெயரைச் சூட்டி ‘அனாப்தால்மஸ் ஹிட்லரி’ என்று பெயரிட்டார். அந்தப் பெயருக்காகவே நாஜி நினைவுப்பொருள் சேகரிப்போர் இன்றும் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அதைப் பிடிக்கும் விதம்தான் எனக்குப் பெரிதும் வேதனை தருகிறது. வாடை வீசும் இரையை இட்ட குப்பியைக் குகைத் தரையில் வாய்மட்டம் வரை புதைத்து வைக்கிறார்கள். எடுக்காமல் விட்டுப்போன குப்பிக்குள் வேறு குகை உயிர்களும் விழுந்து மடிந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, மேலே வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் கழிவுநீரும் பாறை வெடிப்புகள் வழியே வடிகட்டப்படாமல் உள்ளே இறங்குகின்றன.

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், வேதாளைக் கரையில் வாழும் நமக்கு இது அந்நியமான கதை அன்று. கடல் தரையில் ஊரும் மெத்தென்ற உயிரியான கடல் அட்டையைப் பிடிக்க 2001இலேயே தடை வந்த பிறகும், அதை வயிறு கீறி, வேகவைத்து, உலர்த்திக் கடத்துவது நிற்கவில்லை. வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது. பிடிபடுபவர் பெரும்பாலும் நம் கடலோரத்து ஏழை; வாங்கியவர் பெயர் வெளியே வருவதேயில்லை. அந்த வண்டு விஷயத்திலும் வாங்குபவர்மீதுதான் வழக்குப் பாய வேண்டும் என்பேன்.