கடைசித் தீர்மானத்துக்குக் கீழே

"படிச்சீங்களே தம்பி."

அந்த அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. ஊராட்சி செயலர் வேலையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். தண்ணீர் வராத நாளில் காலிக் குடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் 'டங்' என்று வைத்தவர்கள் உண்டு. அதெல்லாம் அன்றைக்கு இரவே மறந்துபோகும். இது போகவில்லை. ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறேன். விடியற்காலையில் அடுப்பு முன்னால் கை காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்தால் இந்த இரண்டு சொல்தான் முதலில் வருகிறது.

2018 அக்டோபர் 2, கிராம சபை. அந்தச் சமயம் ஊராட்சிக்குத் தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, அதன்மேல் வழக்கு, இன்னொரு அவகாசம் என்று மூன்று வருடம் இழுத்தார்கள். அதுவரை எல்லாம் தனி அலுவலர் கையில். ஒரு ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. அவரைக் குறை சொல்லி என்ன பயன், எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு நேரம் போதாது. ஆக, ஜனங்கள் நேரில் வந்து வாய் திறக்க மிஞ்சியிருந்த இடம் கிராம சபை ஒன்றுதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. அப்போது வருடத்துக்கு நாலு நாள்.

அந்த நாலு நாளும் எப்படி நடக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். கூட்டப் பொருள் மேலேயிருந்து பட்டியலாக வரும். டெங்கு, கழிப்பறை, பிளாஸ்டிக் தடை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குமான வரவு செலவு. முதல் நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து தீர்மானப் பதிவேட்டில் எல்லாவற்றையும் 'ஏகமனதாக' என்று முடித்து எழுதிவிடுவேன். எங்கள் ஊராட்சி மக்கள் தொகைக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்ல வந்தாக வேண்டிய ஆள் கணக்கு, 200 பேர். வருவது அறுபது, எழுபது. மீதிக் கையெழுத்துக்கு மறுநாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போவேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரிசையாக வந்து போடுவார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், அந்த ஒரு நாள்தான் நான் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும்.

அன்றைக்கு அந்த அம்மா லயனிலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, பத்துப் பன்னிரண்டு பெண்களோடு வந்திருந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி கப்பலேறி, எழுபதுகளில் இங்கே வந்தவர்கள். பிறகு வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். லயனுக்கு மேலே சரிவில் யாரோ நிலம் வாங்கி, ராத்திரியில் ஹிட்டாச்சி விட்டு மண் வெட்டுகிறார்கள், காட்டேஜ் கட்டப்போகிறார்களாம், ஊத்துத் தண்ணி செம்மண்ணாக வருகிறது, அதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்றார். நியாயம்தான். நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் அந்த மாதிரி இயந்திரத்தை மலையில் ஏற்றக் கூடாது, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2009 நவம்பரில் சில நாள் மழையில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனதைப் பார்த்த ஜனங்கள் அவர்கள். பயம் வராமல் எப்படி இருக்கும்?

நான் தலையாட்டினேன். பேனாவை எடுத்து எழுதுவதுபோல் குனிந்தேன். "எழுதியாச்சுங்களா தம்பி?" என்றார். "எழுதியாச்சும்மா" என்றேன்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அவர் உட்காரவில்லை.

"படிச்சுக் காட்டுங்க."

பின்னால் யாரோ, "அதான் எழுதியாச்சுன்னு சொல்றாரில்ல, உக்காரும்மா" என்று அதட்டினார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. "சிலோன்ல எங்கப்பாவுக்கு ஓட்டு கிடையாது. எந்தக் காகிதம் நீட்டுனாலும் கைநாட்டு வெப்பாரு. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் அவருக்குப் படிச்சுக் காட்டல. கப்பலேத்தும்போதுதான் தெரிஞ்சுது. நீங்க படிங்க தம்பி."

நான் படித்தேன்.

பதிவேட்டில் கடைசித் தீர்மானத்துக்குக் கீழே அரைப்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு படித்தேன். "மேற்படி குடியிருப்பின் மேற்புறச் சரிவில் உரிய அனுமதியின்றி இயந்திரம் கொண்டு மண் வெட்டப்படுவதால் குடிநீர் ஊற்று பாதிக்கப்படுவதை இச்சபை கவலையுடன் பரிசீலித்தது. பணியை உடனே நிறுத்தவும், சரிவை ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கவும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இத்தனை வருடம் தீர்மானம் எழுதிப் பழகிய வாய். முடித்ததும் பெண்கள் கை தட்டினார்கள். அந்த ஊராட்சியில் ஒரு தீர்மானத்துக்குக் கைதட்டல் விழுந்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அந்த அம்மா வந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தன் பெயரைப் போட்டார். பக்கத்தில், கூட்டத்தைக் கவனிக்க வேறு துறையிலிருந்து பற்றாளராக வந்தவர் உட்கார்ந்திருந்தார். அந்த வெற்றுத்தாள் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அவரும் கையெழுத்துப் போட்டார்.

எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்காகத்தானே அரைப்பக்கம் விட்டது. அன்று இரவு மேலேயிருந்து போன் வந்தது. பட்டியலில் உள்ளதைத் தவிர வேறொன்றும் பதிவாகக் கூடாது, கட்டட விவகாரம் எதுவும் வேண்டவே வேண்டாம் என்று. அந்த ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு சீல் வைத்திருந்தார்கள். காட்டேஜ் என்று ஒரு சொல் காகிதத்தில் ஏறினால் யார் அனுமதித்தது, யார் கவனிக்கவில்லை என்று கேள்வி வரும். சரி என்று போனை வைத்துவிட்டு, ஸ்கேல் வைத்து அந்த அரைப்பக்கத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன்.

இந்தக் கதையை என் மனைவியிடமும், கூட வேலை பார்த்த இரண்டு பேரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் இப்படியே எழுதிவிட்டேன். மேலே எழுதியதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன். போன் இரவு வரவில்லை. அன்றைக்குக் காலையில், கூட்டத்துக்குக் கிளம்பும் முன்பே வந்துவிட்டது. கூட்டத்தில் குனிந்தபோதே எழுதப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். படித்தபோதும் தெரியும். போன் இரவு வந்தது என்று சொன்னால் நான் எழுத நினைத்துத் தடுக்கப்பட்டவன் ஆகிவிடுகிறேன். இத்தனை வருடம் அப்படிச் சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே இரவு நேரத்து மணிச்சத்தம் கேட்டதுபோல் நினைவு வருகிறது.

நகல் கேட்டு அந்த அம்மா வந்தது 2019 பிப்ரவரியில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஊட்டி கலெக்டர் ஆபீஸ் போயிருக்கிறார். அங்கே யாரோ, கிராம சபைத் தீர்மானம் இருந்தால் மனுவோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "இருக்குங்க, எங்க கிளார்க்குத் தம்பி எழுதி வெச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறார். ஒன்பதாவது படிக்கிற பேத்தியும் கூட வந்திருந்தாள்.

தலைவலி என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். பதிவேடு ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், அப்படி நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஏனோ அன்று சொல்லவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் நின்றபடியே முதல் தீர்மானத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி. டெங்கு. கழிப்பறை. பிளாஸ்டிக். வரவு செலவு. பாட்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார், நம்முடையது இப்போது வரும் என்பதுபோல். கோடு வந்ததும் அவள் நிறுத்தினாள். "அவ்ளோதான் பாட்டி."

"படிச்சீங்களே தம்பி" என்றார் அவர்.

நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "அது தீர்மானமா வராதும்மா. கோரிக்கையாத்தான் வரும். கோரிக்கை இதுல பதிவாகாது." அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கிய விதி அது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜெராக்ஸுக்கு எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஐந்து ரூபாய் நாணயத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அவருக்கு ஒன்றுக்கும் உதவாத அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். எதற்காக எடுத்துக்கொண்டு போனார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

எனக்காகப் பேசவும் சில வார்த்தைகள் உண்டு. செயலர் பதவி என்பது ஏணியின் கடைசிப் படி. மேலதிகாரி ஒரு மெமோ கொடுத்தால் என் இரண்டு பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கும். அந்தத் தீர்மானத்தை எழுதியிருந்தாலும் ஹிட்டாச்சி நின்றிருக்குமா? எத்தனையோ கிராம சபைத் தீர்மானங்கள் ஒன்றியத்துக்குப் போய் அலமாரியில் தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தீர்மானம் கூடினால் ஒரு கோப்பு கூடும், அவ்வளவுதான். இப்படி நினைத்துக்கொண்டு சில மாதம் நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன்.

ஆனால் ஒன்றுக்கும் உதவாத நாலு வரி என்றால் அதை எழுதாதே என்று ஏன் போன் செய்தார்கள்? அந்த நாலு வரியின் பலம் எங்களையெல்லாம்விட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

டீக்கடையில் உட்கார்ந்தால் எல்லோரும் சொல்கிறோம், அரசாங்கம் பொய் சொல்கிறது, ஜனநாயகம் போய்விட்டது என்று. நானும் சொல்கிறேன், மனதாரத்தான் சொல்கிறேன். மூன்று வருடம் தேர்தல் நடத்தாமல் ஊராட்சிகளை வைத்திருந்தது அநியாயம். 2019-இல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்களே, அதுவும் அநியாயம். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அரசாங்கத்துக்கென்று தனியாக வாய் இல்லை. அது சொல்கிற பொய்யை யாராவது ஒருவர் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் அது என் வாய். போன் செய்த அதிகாரி அந்த அம்மாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் மறைக்கத்தான் சொன்னார். படித்துக் காட்டச் சொல்லவில்லை. அது நானாகச் செய்தது. எழுத முடியாதும்மா, மேலே வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சத்தம் போட்டிருப்பார்கள். கூட்டத்தை விட்டு வெளியே போயிருப்பார்கள். ஒருவேளை அன்றைக்கே பஸ் ஏறி ஊட்டிக்குப் போயிருப்பார்கள். நாலு மாதம் தீர்மானம் இருக்கிறது என்று நம்பிக் காத்திருந்திருக்க மாட்டார்கள். எனக்கு உறுத்துவது அந்த நாலு மாதம்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எனக்கு இங்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. அது குந்தாப் பக்கம். எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான். நவம்பரில் சரிவு இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு நான் தினமும் சாமியைக் கும்பிடுகிறேன். ஊத்து மூடிப்போனது. வெட்டிய மண்தான் இறங்கியதா, மழைக்குத் தானாக இறங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு மாதம் லாரியில் தண்ணீர் விட்டோம். லாரிச் செலவுக்கான தீர்மானத்தை நான்தான் எழுதினேன்.

டிசம்பரில் தேர்தல் நடந்து, புதுத் தலைவர் வந்து, 2020 ஜனவரி 26 கிராம சபை. அந்த அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். முன்வரிசையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். கையெழுத்துக்குப் பதிவேடு அவரிடம் போனபோது, பேத்தியிடம் கொடுத்து முதலிலிருந்து படிக்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கைநாட்டு வைப்பவர்களுக்காக மைப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் எல்லாவற்றையும் படித்து முடித்தாள். அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும் முன் என்னை நிமிர்ந்து பார்த்து, அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார்.

புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. அவர் அந்தத் தாளை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, முந்தின பக்கத்துக்கு வந்து பெயரைப் போட்டார்.