ஜூன் வந்தாச்சு
கேரளம் முழுக்க ஜூன் என்றால் மழை. எங்கள் பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கணவாய்க் காற்றுதான் முந்திக்கொள்ளும். அங்கே தமிழ்வழி ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பது நான். பள்ளி திறக்கும் நாளில் புதுப் பிள்ளைகளை வரவேற்கும் விழாவான பிரவேசனோத்சவத்தன்று பலூன் கைக்கு வந்ததும் பிள்ளைகளின் அழுகை நிற்கும், அம்மா கேட்டைத் தாண்டியதும் மறுபடி தொடங்கும். ஒரு பையன் புதுக் குடையை மடக்கவே விடவில்லை, வகுப்புக்குள்ளும் விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரம் பாடம் நடத்த எனக்கு மனசு வராது. பிள்ளைகளுக்கு அந்த அறை பழக வேண்டும். அப்புறம் ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை, மார்ச்சில் ஆண்டுப் பரீட்சை என்று வருஷம் ஓடிவிடும். நடுவில் பொங்கலுக்கு தமிழ்நாட்டை ஒட்டிய எல்லை மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை, அது தனி சந்தோஷம்.

உங்கள் வீட்டில் யாராவது ஒன்றாம் வகுப்பு போகிறார்களா? சாயங்காலம் வந்ததும் நோட்டைத் திறக்காதீர்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள்.